முன்ஷி அப்துல்லா கற்ற மொழிகள்

ஒரு மொழியை முற்றக் கற்ற பின்னரே மற்றொன்றைத் தொடங்கல் வேண்டுமா, இரண்டினை ஒருங்கே கற்றலும் இயலுமா என்பது மொழியாசிரியரிடையே நெடுநாளாக எழுந்துவரும் வினா. ஜெர்மானியத்தையும் ருஷ்யத்தையும் ஒரே காலத்தில் தானே கற்கத் துணியும் இளைஞன் ஒருவனைக் கண்டால், நம்மில் பலர் அவனை ஊக்குவதற்கு மாறாக எச்சரிக்கவே முற்படுவோம். இரண்டும் குழம்பும் என்போம். ஒன்றும் நிலைக்காது என்போம். அவ்வெச்சரிக்கையில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆயினும், நூல் வழியும் ஆய்வு வழியும் அன்றி, வாழ்க்கை வழியாகவே இவ்வினாவை எதிர்கொண்ட நகரம் ஒன்று நம் மலேசிய நாட்டில் உண்டு. அது மலாக்கா.

1511ஆம் ஆண்டில் போர்த்துகீசியர் மலாக்காவைக் கைப்பற்றினர். அதன்பின் ஓராண்டிற்குள் அங்கு வந்து சேர்ந்த தொமே பிரெஸ் என்னும் மருந்து வணிகர், அத்துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்படுவதாக ஊரார் கூறுவதைக் குறித்து வைத்துள்ளார். எண் சற்று மிகையாயினும் ஆகுக. சோழமண்டலக் கரையினரும், குஜராத்தியரும், சாவகத்தாரும், சீனரும், பெகு நாட்டினரும் பருவக்காற்றை எதிர்நோக்கித் திங்கட்கணக்கில் தங்கிய ஊர் அது. காற்று மாறும் வரையில் கப்பல் நகராது. கப்பல் நகரும் வரையில் வணிகன் வாளாவிருக்க இயலாது. அவன் விலை பேசுதல் வேண்டும், கடன் எழுதுதல் வேண்டும், வழக்குரைத்தல் வேண்டும். அவ்வூரில் பன்மொழி அறிவு புலமையின் அணிகலனாக அன்றி, வயிற்றுப்பாட்டின் கருவியாகவே வளர்ந்தது.

இம்மண்ணில் தோன்றிய மொழியறிஞருள் தலைசிறந்தவர் முன்ஷி அப்துல்லா. அவர் பிறந்தது 1796ஆம் ஆண்டளவில். இடம் மலாக்காவின் கம்போங் பாலி. அவருடைய பாட்டனாரின் தந்தையார் ஏமன் நாட்டு அரபியர். அவர் நாகூருக்கு வந்து, அங்கு மணம் செய்து வாழ்ந்தார். அவர் மக்களுள் ஒருவர் மலாக்காவிற்கு வந்து அங்குள்ள தமிழ் முஸ்லிம் குடும்பமொன்றிற் பெண் கொண்டார். அப்பெண்ணின் பெயர் பெரியாச்சி. அரபுப் பெயர்கள் நிறைந்த அக்குடிவழியில் இத்தமிழ்ப் பெயரைக் காணும்போது, அவ்வீட்டின் அடுக்களையில் ஒலித்த மொழி எதுவென்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. பெரியாச்சி தம் வீட்டிலேயே பிள்ளைகளுக்குத் திருக்குர்ஆன் ஓதக் கற்பித்தவர். அப்துல்லாவின் முதற் பள்ளி பாட்டியாரின் திண்ணையே என்று கூறினும் தவறாகாது.

அப்துல்லாவின் தந்தையார் அப்துல் காதிர் கண்டிப்பு மிக்கவர். மகன் எழுத்திற் பிழை செய்தால் பிரம்பு பேசும். அவரே மகனைத் தமிழாசிரியர் ஒருவரிடம் அனுப்பினார். இரண்டு ஆண்டும் ஆறு திங்களும் அப்துல்லா தமிழ் பயின்றார். ஏன் தமிழ் என்பதற்கு அவர் தம் வரலாற்று நூலில் கூறும் காரணம் தமிழ் மாணவர் ஒவ்வொருவரும் அறியத்தக்கது. மலாக்காவின் செல்வக் குடும்பத்தார் தம் பிள்ளைகளைத் தமிழ் கற்க அனுப்புவது முன்னோர் காலந்தொட்டு வந்த வழக்கமாம். கணக்கு எழுதவும் வணிகம் பேசவும் அது பயன்பட்டது. தமிழ் வணிகர் ஊரெங்கும் நிறைந்திருந்தனர். அம்மொழியறிந்து பொருளீட்டியோர் பலர். அஃதாவது, இற்றைக்கு இருநூறு ஆண்டுகட்கு முன் மலாக்காவில் தமிழ், தமிழ்ப் பெற்றோர் பரிவால் தாங்கி நிற்க வேண்டிய மொழியாக இருக்கவில்லை. பிறரும் கட்டணம் செலுத்திக் கற்ற மொழியாக இருந்தது.

இதற்கு நேர்மாறான நிலை அன்று மலாய் மொழிக்கு இருந்தது என்றால் வியப்பாக இருக்கும். மலாய் எங்கும் பேசப்பட்டது. ஆனால் அதனைக் கற்பிக்கப் பள்ளியில்லை. தாய்மொழிதானே, அதனைத் தனியே கற்பானேன் என்று மக்கள் கருதினர். அரபு எழுத்தைச் சார்ந்த ஜாவி எழுத்திலேயே மலாய் எழுதப்பட்டமையால், குர்ஆன் ஓதக் கற்றவன் மலாயும் கற்றவனே என்னும் மயக்கம் நிலவிற்று. எழுத்து ஒன்றாயின் மொழியும் வசப்பட்டது போலத் தோன்றும் இம்மயக்கம் இரு மொழிகளை ஒருங்கே கற்போர் அனைவரையும் பிடிப்பதாகும். ஆங்கிலம் அறிந்தவன் ஜெர்மானியத்தை எளிதென்று எண்ணுவதும், ருஷ்ய எழுத்தைக் கண்டவுடனே அஞ்சுவதும் இவ்வகையினவே. உண்மையில், உருவத்தால் வேறுபட்டு நிற்கும் மொழி கற்பவனை அத்துணை ஏமாற்றுவதில்லை. முகம் ஒத்த மொழியே அவனை ஏமாற்றும். அப்துல்லா இதனை இளமையிலேயே உணர்ந்தார். மலாயைத் தனியொரு கல்வியாகக் கொண்டு, கற்றோரையும் ஏடுகளையும் தேடி அலைந்து பயின்றார். தம் மக்கள் தம் மொழியைக் கற்பதில்லை என்னும் மனக்குறை அவர் எழுத்துகளில் இறுதி வரையிலும் ஒலிக்கிறது.

அடுத்து அவர் கற்றது இந்துஸ்தானி. 1795இல் ஆங்கிலேயர் மலாக்காவை டச்சுக்காரரிடமிருந்து பெற்ற பின், கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் தங்கியிருந்தனர். அவர்களுள் முஸ்லிம்களாயிருந்தோர்க்கு இச்சிறுவர் சமய நூல் ஓதக் கற்பித்தார். அவர்களிடமிருந்து இந்துஸ்தானி கற்றுக்கொண்டார். 'முன்ஷி', அதாவது மொழியாசிரியர், என்னும் பட்டத்தை அவர்க்கு முதன்முதல் இட்டு அழைத்தவர்கள் அச்சிப்பாய்களே. பின்னாளில் எந்தக் கழகமும் வழங்காத அப்பட்டம் அவர் பெயரின் பகுதியாகவே நிலைத்துவிட்டது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். அப்துல்லா மொழி கற்ற முறை பெரும்பாலும் பண்டமாற்று முறை. தம்மிடம் உள்ள ஒரு மொழியைக் கொடுத்தே தம்மிடம் இல்லாத மற்றொன்றைப் பெற்றார். 1815ஆம் ஆண்டில் லண்டன் சமயப் பரப்புக் கழகத்தைச் சார்ந்த வில்லியம் மில்ன் மலாக்கா வந்தார். அதே ஆண்டில் கிளாடியஸ் தாம்சன் என்பவரும் வந்தார். தாம்சன் ஆங்கிலேயர் அல்லர், ஹோல்ஸ்டைன் பகுதியினர். அப்துல்லா இவர்கட்கு மலாய் கற்பித்தார். ஆங்கிலத்தை இவர்கள் வாயிலாகக் கற்றார். 1818இல் அடிக்கல் நாட்டப்பட்ட ஆங்கிலோ சீனக் கல்லூரியும், அதனையொட்டி எழுந்த அச்சுக்கூடமும் அப்துல்லாவிற்குப் பள்ளியும் பட்டறையுமாயின. அச்சுக்கோக்கும் கலையையும் அவர் அங்கேயே பயின்றார். கற்பிப்பவன் தன் மொழியைப் பிறன் கண்ணால் காண நேர்கிறது. இதுவரை எண்ணாமலே பேசிய சொற்கு ஏன், எங்ஙனம் என விடை கூற வேண்டியவனாகிறான். ஒரே நாளில் காலையில் ஆசிரியராகவும் மாலையில் மாணவராகவும் இருந்தவர்க்கு இரு மொழிகளும் ஒன்றையொன்று விளக்கும் விளக்குகளாயின எனலாம்.

ஆனால் தாம்சனுடன் அவர்க்கு ஏற்பட்ட பூசல் இச்செய்தியின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. தாம்சன் மலாய்ச் சொற்களை விரைந்து கற்றார். 1820இல் ஆங்கில மலாய்ச் சொற்றொகுதி ஒன்றினையும் அச்சிட்டார். விவிலியப் பகுதிகளை மலாயில் ஆக்கும்போது, மலாய் வாக்கியத்தை ஆங்கில இலக்கணத்தின் அச்சிலே வார்க்கத் தலைப்பட்டார். மலாய்க்கு இது வழக்கன்று என்று அப்துல்லா மறுத்தார். இலக்கணம் இவ்வாறே கூறுகிறது என்று தாம்சன் நின்றார். சொல் மலாயாகவும் நடை அயலாகவும் இருந்த அம்மொழிபெயர்ப்பிற்கு ஊரார் தம்மையே பழிப்பர் என்று ஆசிரியர் வருந்தினார். தாய்மொழியினன் 'இவ்வாறு சொல்வதில்லை' என்று கூறுவதற்கு மேற்பட்ட இலக்கண விதி எதுவும் இல்லை என்பதைத் தாம்சன் ஏற்கவில்லை. ஒருவேளை அவர் ஆங்கிலத்தையே பிறமொழியாகக் கற்றவராதலின், கற்ற விதிகளைக் கைவிட அஞ்சினார் போலும். இரு மொழிகளைச் சேரக் கற்பவன் அஞ்ச வேண்டியது சொற்குழப்பத்தை அன்று. அது பழகப் பழகத் தீரும். ஒரு மொழியின் எலும்புக்கூட்டின் மேல் மற்றொன்றின் தோலைப் போர்த்தும் பழக்கமே தீராத குறை. நம் மாணவர் கட்டுரைகளைத் திருத்தும் ஆசிரியர் எவரும் இக்குறையை நாள்தோறும் காண்பர். அதனை மேலும் விரிப்பானேன்!

அப்துல்லாவின் ஆங்கிலக் கல்வி எளிதில் நிகழவில்லை. பாதிரிமாரிடம் செல்பவன் மதம் மாறுவான் என்று ஊர் பேசிற்று. 'அப்துல்லா பாதிரி' என்று எள்ளி நகையாடினர். தந்தையாரும் சினந்தார். மொழியைக் கற்றால் மரபு போய்விடும் என்னும் அச்சம் அக்காலத்து மலாக்காவில் உண்மையான அச்சம். அதனைப் பேதைமை என்று தள்ளுதல் முறையன்று. அவரோ இறுதி வரை தம் சமயத்தில் நின்றார். 1854இல் மக்காவை நோக்கிய புனிதப் பயணத்திலேயே அவர் வாழ்வு முடிந்தது.

ஐரோப்பியர் ஒருவரும் இவ்வாறு இரு மொழிகளுக்கு இடையே நின்று கற்க நேர்ந்தது. அப்துல்லாவின் முன்னோர் வாழ்ந்த நாகூருக்கு வடக்கே, அதே கடற்கரையில் உள்ளது தரங்கம்பாடி. 1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அங்கு வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கும் அவர்தம் தோழர் புளூட்ஷோவும் இரண்டு மொழிகளைக் கற்க வேண்டியவராயினர். கடற்கரையோரத்தில் பொதுவழக்காக இருந்தது போர்த்துகீசியம். மக்கள் மொழியோ தமிழ். நாளடைவில் புளூட்ஷோ போர்த்துகீசியத்திலும் சீகன்பால்கு தமிழிலும் மிகுதியாக ஈடுபட்டனர். சீகன்பால்கு திண்ணைப் பள்ளிச் சிறுவருடன் அமர்ந்து மணலில் விரலால் எழுத்துப் பயின்றார். இருவர் சேர்ந்து இரு மொழிச் சுமையைப் பங்கிட்டுக்கொண்டனர் என்று இதனைக் கூறலாம். அப்துல்லாவிற்கு அவ்வாறு பங்கிட எவரும் இல்லை.

ஜெர்மானியமும் ருஷ்யமும் ஒருவரிடமே கூடியதற்கும், அவர் தமிழோடு உறவு கொண்டதற்கும் சான்று தேடின், அலெக்சாந்தர் மெர்வார்ட் நினைவிற்கு வருவார். ஜெர்மானியாவின் மான்ஹைம் நகரிற் பிறந்து ருஷ்யாவிற் குடியேறியவர் அவர். பீட்டர்ஸ்பர்க் நகரின் மானிடவியல் அருங்காட்சியகத்தின் சார்பில், தம் துணைவியார் லுத்மிலாவுடன் 1914 முதல் 1918 வரை இலங்கையிலும் இந்தியாவிலும் தங்கினார். மக்களிடையே வாழ்ந்து அவர்தம் மொழிகளைப் பழகினார். பின்னர் லெனின்கிராடில் தமிழ் கற்பித்து, 1929இல் தமிழ்ப் பேச்சு மொழிக்கு ருஷ்ய மொழியில் இலக்கணம் ஒன்று வெளியிட்டார். அடுத்த ஆண்டே அரசு அவரைச் சிறைப்படுத்திற்று. 1932இல் தடுப்பு முகாமில் மாண்டார். துணைவியாரும் தண்டனைக்கு உள்ளானவரே. எனினும் அவ்வம்மையார் தளராது உழைத்து, சோவியத் நாட்டில் மலாய், இந்தோனேசிய மொழிக் கல்விக்கு வித்திட்டவராக மதிக்கப்படுகிறார். கணவர் தமிழுக்கு இலக்கணம் எழுதினார். மனைவியார் மலாய் கற்பித்தார். மலாக்காவின் இரு மொழிகளும் பனி படர்ந்த அந்நகரில் ஒரு வீட்டினுள்ளே கூடின.

இவ்விடத்தில் தமிழ் மாணவர் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். ஜெர்மானியத்திற்கு நான்கு வேற்றுமைகள், ருஷ்யத்திற்கு ஆறு. மலாயை மட்டும் அறிந்தவனுக்கு வேற்றுமை உருபு என்பதே புதுமை. எட்டு வேற்றுமைகளை இளமையிலேயே மனப்பாடம் செய்த தமிழ் மாணவனுக்கோ அது பழகிய வீட்டின் மற்றோர் அறை போன்றது. தன் மொழியின் இலக்கணத்தை நன்கு கற்றவன் பிறமொழி வாயிலில் வெறுங்கையனாக நிற்பதில்லை. அப்துல்லாவும் தமிழை முறையாகக் கற்ற பின்னரே பால் வேறுபாடு மிக்க இந்துஸ்தானியையும், முற்றிலும் வேறான ஆங்கிலத்தையும் அணுகினார்.

எனினும் மலாக்காவின் வரலாறு முழுவதும் வெற்றி வரலாறு அன்று. கஜா பெராங் பகுதியில் வாழும் மலாக்கா செட்டிகள், சுல்தானியக் காலந்தொட்டு வந்து குடியேறி உள்ளூர்ப் பெண்களை மணந்த தமிழ் வணிகரின் வழித்தோன்றல்கள். சைவ நெறியை அவர்கள் கைவிடவில்லை. 1781ஆம் ஆண்டில் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலில் வழிபாடு இன்றும் நடைபெறுகிறது. பொங்கலும் முன்னோர் படையலும் வழுவாமல் நிகழ்கின்றன. ஆனால் வீட்டு மொழி மலாயின் ஒரு வகையாயிற்று. தமிழிற் சில சொற்களே எஞ்சின. வேறு மொழி கற்றதனால் அவர்கள் தமிழை இழந்தனர் என்று சிலர் கூறுவர். அது பொருந்தாது. அப்துல்லாவும் வேறு மொழிகள் கற்றவரே. டச்சுக்காரர் ஆட்சியில் வணிகம் தளர்ந்தது. சோழமண்டலத்துடன் இருந்த போக்குவரவு குன்றியது. தமிழிற் கணக்கெழுத வேண்டிய தேவையும், அதனைக் கற்பித்த ஆசிரியரும் அவர்களிடையே மறைந்தனர். பிறமொழி உள்ளே வந்ததைக் காட்டிலும், தமிழ்ப் பள்ளி இல்லாது போனதே பெரிய காரணம் என்று கொள்ளுதல் நேரிது.

அப்பள்ளி மீண்டும் மலாக்காவிற்கு வந்தது வணிகர் வழியன்று, தோட்டத் தொழிலாளர் வழி. 1896இல் தான் சே யான் என்னும் சீனப் பெருமகனார் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். பின்னர் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் அமைத்தார். மலாயாவில் வணிக அளவில் ரப்பர் பயிரிட்டதன் தொடக்கம் அது. ஜாசினிலும் அலோர் காஜாவிலும் தோட்டங்கள் பெருகின. கங்காணிமார் அழைத்து வந்த தமிழர் குடும்பங்கள் லயங்களில் நிறைந்தன. தோட்டங்களில் பள்ளி வேண்டுமென்று தொழிலாளர் சட்டங்கள் வற்புறுத்த, கொட்டகைகளிலே தமிழ் எழுத்து ஒலித்தது. பல பள்ளிகளில் ஒரே ஆசிரியர். ஒரே அறையில் பல வகுப்புகள். அன்று அப்துல்லாவின் வகுப்பில் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் கற்ற தமிழை, இங்கே பால்மரம் வெட்டுவோர் பிள்ளைகள் கற்றனர்.

விடுதலைக்குப் பின் அப்பிள்ளைகளின் சுமை வேறு வடிவம் பெற்றது. தமிழ்ப் பள்ளியில் தமிழுடன் மலாயும் ஆங்கிலமும் பாடங்களாயின. 1970 முதல் ஆங்கில வழி இடைநிலைப் பள்ளிகள் படிப்படியாக மலாய் வழிக்கு மாறின. ஆறாம் ஆண்டு முடித்த தமிழ்ப் பள்ளி மாணவர், நேரே இடைநிலைப் படிவத்திற்குச் செல்லாது, நெடுங்காலம் புகுமுக வகுப்பில் ஓராண்டு மலாய் பயின்ற பின்னரே முதற் படிவம் புகுந்தனர். ஏழு வயதுச் சிறுவன் இரு பிறமொழிகளை ஒருங்கே தொடங்குகிறான். அவை இரண்டும் ரோமன் எழுத்திலே எழுதப்படுகின்றன. முகம் ஒத்த மொழிகள் என்று முன்னர்க் கூறிய இடர் இங்கே நாள்தோறும் நேர்கிறது. ஒரே எழுத்து மலாயில் ஓர் ஒலியாகவும் ஆங்கிலத்தில் வேறொலியாகவும் நிற்பதைக் கண்டு அவன் மருள்கிறான். தமிழ் எழுத்தில் அவனுக்கு அம்மருட்சி இல்லை. ஜெர்மானியத்தையும் ருஷ்யத்தையும் ஒருங்கே கற்கலாமா என்று நகரத்து இளைஞன் ஐயுறும் நாளில், ரப்பர்த் தோட்டத்துச் சிறுவன், எவரும் வியவாத நிலையில், மூன்று மொழிகளோடு பள்ளிக்குச் சென்று வந்தான்.

அச்சிறுவனுக்கு மலாய்ப் பாடத்தின் வழியே முன்ஷி அப்துல்லா அறிமுகமாகிறார். நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று அவர் போற்றப்படுகிறார். 1840களில் எழுதப்பட்டு 1849இல் சிங்கப்பூரில் கல்லச்சில் வெளிவந்த அவருடைய வாழ்க்கை வரலாறு பேசப்படுகிறது. மலாக்கா நகரின் பெருஞ்சாலை ஒன்று அவர் பெயரைத் தாங்குகிறது. அவர் தமிழ் கற்றவர் என்னும் செய்தி மட்டும் வகுப்பறையில் அரிதாகவே ஒலிக்கிறது.

அத்தமிழ் வீண்போகவில்லை. இளமையிற் கற்றதற்குப் பல்லாண்டுகட்குப் பின், 1835ஆம் ஆண்டில், மலாக்காவிலேயே அவர் பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாயில் பெயர்த்தார். தனியே அதனைச் செய்யவில்லை. தம்பிமுத்து என்னும் தமிழ் நண்பரைத் துணையாகக் கொண்டார். கணக்கேட்டுத் தமிழ் வேறு, கதையேட்டுத் தமிழ் வேறு என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும். தாம்சன் கேட்க மறுத்ததை, அவர் அருகமர்ந்து கேட்டு எழுதினார். நரிகளும் சிங்கமும் காளையும் உரையாடும் அந்நூல் 'பஞ்ச தந்தெரான்' என்னும் பெயரோடு மலாய் இலக்கியத்துள் புகுந்தது.